ஏசிக்குப் போர்த்திய பொன்னாடை

ஒரு வீட்டில் அமுதன் என்ற பிள்ளை, எந்தச் சாமானின் கரண்ட்டுக்காக எவ்வளவு கரிப்புகை வானத்துக்குப் போகிறது என்று கணக்குப் போட்டுச் சுவரில் ஒட்டினான். ஏசிக்குத் தொண்ணூறு, மின்விசிறிக்கு ஆறு.

விசிறி அதை மார்க் என்று நினைத்துவிட்டது. அதற்கு வயிறு எரிந்தது.

"பாதி நாள் தூங்குற உனக்குத் தொண்ணூறா?"

"அதுக்கெல்லாம் கொடுத்து வச்சிருக்கணும் தம்பி" என்றது ஏசி.

மறுநாள் அமுதனின் அம்மா கணக்கைப் பார்த்தாள். "கடவுளே, இத்தனை புகையா?" என்று ஏசியை நிறுத்திவிட்டு, தூசி படாமல் பழைய சரிகைப் புடவையால் மூடினாள். எல்லோரும் விசிறிக்கடியில் பாய் விரித்துச் சுகமாகப் படுத்தார்கள்.

"வேலையெல்லாம் எனக்கு, பொன்னாடை மட்டும் அவனுக்கு" என்று விசிறி முனகியது.

புடவைக்குள்ளிருந்து சத்தமே இல்லை.

"பாரு, பெருமையில அவனுக்குப் பேச்சே வரல."