இரண்டு கமராவின் வெள்ளை

மணப்பெண்ணின் கூறைச்சேலை அரக்கா சிவப்பா என்று இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மூதூர்ப் பாதை மூடிக்கிடந்த போர்க்காலம் என்பது மட்டும் நிச்சயம். திருகோணமலைத் துறைமுகத்து வெயில் ஸ்ரூடியோக் கண்ணாடியில் அடிக்கிறது. படப்பிடிப்பாளர் கலீலுர் றஹ்மான் கணினித் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை; மணப்பெண் சுகிர்தா அவர் பக்கத்தில் நிற்கிறாள். திரையில் இரண்டு படங்களிலிருந்து வெட்டி ஒட்டிய அவளும் அவளுடைய அப்பாவும் அருகருகே நிற்கிறார்கள். கலியாணத்துக்கு அவரால் மூதூருக்கு அப்பால் இலங்கைத்துறையிலிருந்து வர முடியவில்லை. யாரோ ஒரு நிவாரண ஊழியர் தன் டிஜிட்டல் கமராவில் எடுத்த படம்தான் வந்து சேர்ந்தது. நாளை அவள் கனடாவுக்குப் போகிறாள். அதற்குள் இருவரும் ஒரே படத்தில் வேண்டும். றஹ்மானின் கமராவில் அவள் செம்மண் நிறம். மற்றதில் அப்பா சாம்பல் நிறம். வெள்ளையைக் காட்டினால் கணினி மற்ற நிறங்களைத் திருத்தும். றஹ்மான் அப்பாவின் வேட்டியைக் காட்டுகிறார். முகம் மஞ்சளாகிறது.

“என்ன நானா, அப்பாவுக்குச் செங்கமாரி வந்திட்டுதோ?”

“வேட்டி வெள்ளைதானே தங்கச்சி?”

“எங்க வெள்ளை! அம்மா நீலத்தை அள்ளிப் போட்டெல்லோ தோய்க்கிறவ.”

றஹ்மான் சிரிக்கிறார், கை மவுசை விடவில்லை. “விடியிறதுக்குள்ள முடிக்காமல் எழும்பமாட்டன்.”

அவள் குனிந்து அப்பாவின் நெற்றியில் விரல் வைக்கிறாள். “திருநீறைப் பிடியுங்கோ. என்ர நெத்தியில இருக்கிறதும் அவர் குடுத்தனுப்பினதுதான்.”

றஹ்மான் திரையில் மவுசால் அப்பாவின் நெற்றியைத் தொடுகிறார், பிறகு அவளுடைய நெற்றியை. இரண்டு முகங்களும் மெல்ல ஒரே வெயிலுக்கு வருகின்றன.

சுகிர்தா இப்போதும் கனடாவில்தான் இருக்கிறாள். அப்பா அவள் போன மறு ஆண்டே இடம்பெயர்ந்தோர் முகாமில் இறந்துபோனார்; இருவரும் பிறகு சந்திக்கவே இல்லை. றஹ்மான் இன்னும் படம் எடுக்கிறார்.