கால் சுற்று

வலது முட்டி விண் விண்ணென்று தெறித்தது. முப்பத்தோராவது உதைக்கும் வண்டி ஒரு செருமல் செருமிவிட்டு அடங்கிப்போனது.

ஓட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. முறுக்கினால் பறக்கும். வளைவோ வேகத்தடையோ வந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் போதும், அந்த இடத்திலேயே பொட்டென்று நின்றுவிடும்.

இரண்டு வாரத்தில் இரண்டு முறை குழாய்க் கம்பெனி கேட்டை அவன் முகத்துக்கு நேரே சாத்தியிருந்தார்கள். "மூணாவது தடவை லேட்டுன்னா, அப்புறம் நீ வரவே வேண்டாம்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். சங்கு ஊத இன்னும் பதினோரு நிமிடம்தான் இருந்தது.

எதிரே இருந்த பஞ்சர் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்னப்பா, காலைலயே வண்டியோட மல்லுக்கட்டு?"

"பிளக்கு மாத்தியாச்சு. கார்புரேட்டரைக் கழட்டி ஊதியாச்சு. ஸ்லோ ஸ்க்ரூ ஸ்பிரிங் தளர்ந்துடுச்சுன்னு எங்க மெக்கானிக் அதையும் புதுசு போட்டான். மூணு நாள் ஒழுங்கா ஓடுது, அப்புறம் பழைய குருடிதான்."

அவர் குனிந்து கார்புரேட்டர் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினார். அடுத்த உதைக்கே வண்டி நின்ற இடத்தில் நிதானமாக உறுமியது.

"ஆக்ஸிலேட்டரை விட்டா எஞ்சின் உயிரைப் பிடிச்சுட்டு இருக்கணும்ல, அதுக்குத்தான் இந்தத் திருகு. புது ஸ்பிரிங் இருக்கறப்ப இது தானா இறங்காது. எவனோ கையால இறக்கியிருக்கான். கடைசியா கை வெச்சது யாரு?"

அவன் வண்டியை முறுக்கினான்.

கேட் சாத்தியிருந்தது. கம்பி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். அவன் நிற்க வேண்டிய இடத்தில், அவனுடைய கையுறையை மாட்டிக்கொண்டு ஒருத்தன் குழாய் தூக்கிக்கொண்டிருந்தான். மெக்கானிக்கின் மச்சினன். மூன்று மாதமாக வேலைக்கு நாயாய் அலைந்தவன்.

மெக்கானிக்கை எல்லோரும் 'கிரீஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறை போடுவதற்கு முன்னால் எட்டு வருடம் குவாரியில் இவனோடு ஒரே கம்பில் கல் சுமந்தவன். ஒருத்தன் சொல்லாமல் கம்பை இறக்கினால் மற்றவன் கால் கூழாகிவிடும். எட்டு வருடத்தில் ஒரு நகம்கூடப் பெயரவில்லை.

அவனா இப்படி? போன மாதம் பிரேக் மாற்றப் போனபோது, கூட வந்த இவன் மனைவிக்கு என்னமாய் வகுப்பு எடுத்தான்! "இதான் தங்கச்சி ஸ்லோ. கால் சுத்து இடது பக்கம் திருப்பினா அடங்கும், வலது பக்கம் திருப்பினா எகிறும். உன் புருசனை அடக்கத்தான் ஒரு திருகும் இல்ல." அவளும் சிரித்தாள். எல்லாம் தெரிந்த கைதான் எல்லாவற்றையும் செய்திருக்கிறது.

பட்டறையில் கிரீஸ் ஒரு சக்கரத்தின் மேல் கவிழ்ந்திருந்தான். "வாடா ராக்கெட்டு. இன்னைக்கும் மக்கர் பண்ணிட்டாளா?"

இவன் விட்ட அறையில் கிரீஸின் கையிலிருந்த ஸ்பேனர் போய்ச் சுவரோரம் விழுந்தது.

"உன் மச்சினனுக்கு வேலை வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாமேடா! என் வண்டில ஏண்டா கை வெச்சே?"

"என்ன மாப்ள உளர்றே? அவன் அங்க போனதே எனக்குத் தெரியாது."

"ஸ்லோவை இறக்கி விட்டவன் நீதானே? உன்னைத் தவிர எவன் அதைத் தொட்டான்?"

கிரீஸ் கன்னத்தைத் தடவினான். அவன் விரல்களே அங்கே நாலு கறுப்புக் கோடு போட்டன.

"சொல்லாம என்னைக்காவது கம்பை இறக்கியிருக்கேனாடா?" என்றான்.

இவன் காறித் துப்பிவிட்டு வண்டியை எடுத்தான்.

வீட்டில் மனைவி முனை வளைந்த கத்தியால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நேரம் கெட்ட நேரத்தில் வந்து நிற்கிறவனைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"வேலை போச்சு" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "கூடவே இருந்து குழி பறிச்சுட்டான் அந்தப் பாவி. ஸ்லோவை இறக்கி இறக்கி வெச்சு, என்னைய லேட்டாக்கி, மச்சினனை உள்ள தள்ளிட்டான். கன்னம் பழுக்கக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"யாரை? கிரீஸ் அண்ணனையா?"

"அண்ணனாம் அண்ணன்! இனிமே அந்த வார்த்தை இந்த வீட்டுல வரக் கூடாது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கம்பெனி வளைவுல போன மாசம் ரெண்டு பேர் அடிபட்டுச் செத்தாங்க. மெதுவாப் போங்க, மெதுவாப் போங்கன்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன். ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"இப்ப அது எதுக்குடி?"

"லேட்டாச்சு லேட்டாச்சுன்னு இன்னும் வேகமாத்தானே பறந்தீங்க. அதனால நானும் இன்னும் கொஞ்சம்..." அவள் கத்தியின் வளைந்த முனையையே பார்த்தாள். "நீங்க குளிக்கப் போனதும், இதால இடது பக்கம் கால் சுத்து. ஸ்லோவுன்னா வண்டி மெதுவாப் போகும்னுதாங்க நினைச்சேன்."

அவன் கையைத் திருப்பிப் பார்த்தான். வலது உள்ளங்கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"எழுந்திருங்க" என்றாள் அவள். "அந்த அண்ணன்கிட்ட நாம வாங்கிக்க வேண்டிய அறை ஒண்ணு பாக்கி."