வந்துச்சா?

"வந்துச்சா?"

மொட்டை மாடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, கீழே பார்த்துக் கத்தினார் வீட்டுக்காரர்.

மூன்று மாடிக்குக் கீழே, டிவி முன்னால் உட்கார வைக்கப்பட்டிருந்த மனைவியின் குரல் ஜன்னல் வழியாக ஏறி வந்தது.

"இன்னும் வரலைங்க!"

வீட்டுக்காரர், புது டிஷ் குடையைப் பொருத்திக்கொண்டிருந்த மெக்கானிக்கை முறைத்தார். மெக்கானிக் கையிலிருந்த மீட்டரை முறைத்தான்.

"சிக்னல் ஃபுல்லா இருக்கு சார். வராம இருக்காது."

"வரலைன்னு சொல்றாளே, காதுல விழலையா? இன்னைக்கு மத்தியானச் செய்தியில எங்க பாப்பா முதல் முதலா நியூஸ் வாசிக்கப் போகுது. அதுக்குத்தான்யா பழைய கம்பெனியை விட்டுட்டு உங்ககிட்ட வந்தேன். அவன்கிட்ட மேகம் கறுத்தாலே படம் கட்டம் கட்டமா உடையும். பாப்பாவுக்கு மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போயிடக் கூடாதேன்னு பார்த்தா, நீ முகத்தையே காட்ட மாட்டேங்கறே!"

மெக்கானிக் ஏற்கெனவே இறுக்கியிருந்த திருகாணியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை.

"இப்ப வந்துச்சா?"

"இல்லீங்க!"

"நல்லாப் பாரு!"

"இமைகூடக் கொட்டாமப் பார்த்துட்டிருக்கேன். வரல!"

"நிழல் மாதிரியாவது தெரியுதா?"

"தலைமுடிகூடத் தெரியல!"

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்காரரின் போன், காலையிலிருந்து சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் பாப்பாவின் பெருமையைச் சொல்லிச் சொல்லி, சற்று முன்புதான் உயிரை விட்டிருந்தது.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு கேக்கட்டா சார்? கம்பெனி மாத்தறதுல அம்மாவுக்கு இஷ்டம்தானே?"

"துளிகூட இல்ல. இருக்கறதை விட்டுட்டுப் பறக்கறதைப் பிடிக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா."

"அதான்... ஒருவேளை, வேணும்னே வரலைன்னு..."

"வாயைக் கழுவு! பெத்தவய்யா அவ. பொண்ணு வர்ற நேரத்துல விளையாடுவாளா?"

"அப்ப நான் இறங்கிப் போய் ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன்."

"நீ மூணு மாடி இறங்கி ஏறுறதுக்குள்ள, பாப்பா நியூஸை முடிச்சுட்டு வீட்டுக்கே வந்துடும்."

"மீட்டர் பொய் சொல்லாது சார்."

"கல்யாணம் ஆனதுலேருந்து அவ பேச்சைக் கேக்காமப் பட்டதெல்லாம் போதும். உன் மீட்டரை நம்பி இன்னொரு தடவை படணுமா?"

மெக்கானிக் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டான். அவனும் கல்யாணமானவன்தான்.

வீட்டுக்காரர் கடைசியாக ஒரு முறை, தெருவே அண்ணாந்து பார்க்கும்படி கத்தினார்.

"வந்துச்சாஆஆ?"

"கத்தாதீங்க! வந்தா நானே சொல்ல மாட்டேனா?"

வீட்டுக்காரரின் பொறுமை அறுந்தது.

"போதும்யா. கழட்டு. கம்பியைப் பழைய குடையிலேயே மாட்டு. நான் கீழே போய் பாக்ஸை மாத்திக்கறேன். கட்டம் கட்டமா வந்தாலும் பரவாயில்ல, நான் பெத்த பொண்ணு எனக்கு அடையாளம் தெரியும்."

"அப்புறம் எங்க கம்பெனி மேல பழி போடக் கூடாது சார்."

"கழட்டுய்யா!"

மீட்டரை ஒரு முறை பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மெக்கானிக் கம்பியை உருவினான்.

"ஐயையோ!"

கீழேயிருந்து வந்த அலறலில் வீட்டுக்காரர் சுவரோரம் ஓடினார்.

"என்னம்மா, இப்ப வந்துடுச்சா?"

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மனைவி அண்ணாந்து பார்த்துக் கதறினாள்:

"இப்பத்தாங்க பாப்பா வந்துச்சு! வணக்கம் சொல்ல வாயைத் திறந்துச்சு... இவ்வளவு நேரமும் கண்ணாடி மாதிரி தெரிஞ்சுட்டிருந்த டிவி, பட்டுனு போயிடுச்சே!"