அழைப்பு மணியில் அம்மாவின் பெயர்

ஸ்டுட்கார்ட்டின் ஐந்து மாடி வீடொன்றின் வாசலில், குடியிருப்போரின் பெயர்ச் சீட்டுகள் செருகிய அழைப்பு மணிப் பலகையின் மேல் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. போன வாரம் குடிவந்த யோலிமா, கட்டடப் பராமரிப்பாளர் செருகிவிட்டுப் போன ‘பரேரா’ என்ற சீட்டை நகத்தால் நெம்பி எடுக்கிறாள். அது கணவனின் குடும்பப் பெயர். அவர்களுடைய கொலம்பியாவில் பிள்ளைக்குத் தகப்பனின் குடும்பப் பெயரோடு தாயின் குடும்பப் பெயரும் சேர்ந்தே வரும். அவள் எழுதிக் கொண்டுவந்த ‘பரேரா கின்டேரோ’ சீட்டு ஒரு விரற்கடை நீளம் கூடிவிட்டது. வளைத்துச் செருகுகிறாள், துள்ளிக் கீழே விழுகிறது.

"ஒண்ணு போதும்மா," என்கிறாள் எட்டு வயது மகள் லூசியானா, ஜெர்மன் மொழியில். "ஸ்கூல்ல நான் வெறும் பரேராதான்."

"அப்ப நான் யாருடி? பக்கத்து வீட்டுக்காரியா?" ஸ்பானிஷில் கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்க்கிறாள் யோலிமா.

லூசியானா பலகையை அண்ணாந்து பார்க்கிறாள். மூன்றாம் மாடி இராசலிங்கத்தின் நீண்ட பெயர், சட்டத்துக்குள் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. "அவர் மட்டும் எப்படி நுழைஞ்சார்?" என்று முணுமுணுத்தபடி பென்சிலை எடுக்கிறாள். பழைய சீட்டைத் திருப்பிச் சுவரில் வைத்து, இரண்டு பெயரையும் பொடி எழுத்தில் மேலும் கீழுமாக எழுதிச் செருகுகிறாள். நிற்கிறது. உடனே மணியை அழுத்துகிறாள்.

"யாரது?" மாடி வீட்டிலிருந்து அப்பாவின் குரல் பலகையின் ஒலிபெருக்கியில் கரகரக்கிறது.

"லூசியானா பரேரா கின்டேரோ," என்கிறாள் எம்பி நின்று, ஸ்பானிஷில், ‘ர’வை நன்றாக உருட்டி. "கதவைத் திறங்கப்பா."

மேலே அவர் பொத்தானை அழுத்த, வாசல் பூட்டு ரீங்கரித்துத் திறக்கிறது. மகள் உள்ளே ஓடிவிட்டாள். யோலிமா அந்தச் சீட்டைக் கட்டைவிரலால் இன்னொரு முறை அழுத்திவிடுகிறாள்.