லட்டுக்கு அஜீரணம்

செத்த கிட்ட வந்து உக்காருங்க. சத்தமாச் சொன்னா கிறிஸ்துராஜ் அண்ணாச்சி காதுல விழுந்துரும்.

மடவார் வளாகத் தெருவுல அவிய வீட்டு மருமக பிளஸ்ஸி. கல்யாணமாகி வரும்போது சீரோட சேத்து, ஆசையா வளத்த தங்கமீனையும் தொட்டியோட கொண்டாந்தா. பேரு லட்டு. இப்ப லட்டுக்கு வயிறு ஊதி, ஒருக்களிச்சு மிதக்குது. தண்ணியும் கஞ்சியாக் கலங்கிக் கிடக்கு.

"ஏட்டி, தொட்டியக் கழுவவே மாட்டியா? வீடே நாறுது"ன்னா மாமியா சந்தனமேரி.

"காலையிலதான அத்தை தண்ணி மாத்துனேன்."

"மாத்துன லெச்சணமா இது?"

நாற்காலியில இருந்தபடியே ஏத்திவிட்டாரு மாமனாரு கிறிஸ்துராஜ். "பாரு, வாயத் திறந்து திறந்து கேக்குது. நேரத்துக்குத் தீனி போடத் தெரியாதவளுக்கு எதுக்கு மீனு?"

சந்தனமேரி முடிவாச் சொல்லிட்டா. "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது தேறணும். இல்லைன்னா தொட்டியோட யாருக்காவது தூக்கிக் குடுத்துருவேன்."

பிளஸ்ஸிக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. ராஜபாளையத்து மீன்தொட்டிக் கடைக்கு வீடியோ கால் போட்டா.

"பசியில்லம்மா, அஜீரணம்"னு சிரிச்சாரு கடைக்காரர். "மிஞ்சுன தீனி அழுகித் தண்ணி கெட்டுருக்கு. மூச்சு முட்டித்தான் மேல வந்து வாயத் திறக்குது. பட்டினி போடு. முந்தின நாளே பிடிச்சு வச்ச தண்ணியா மாத்து. கொஞ்சம் கல்லுப்பு கரைச்சு விடு."

"நான் துளியூண்டுதான அண்ணே போடுறேன்?"

"அப்ப வேற கை இருக்கும்மா."

சாயங்காலம் அடுப்படிக் கதவு மறைவுல நின்னு பாத்தா. மாமனாரு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துட்டு, காப்பிக்கு வச்ச பிஸ்கட்ட நொறுக்கித் தொட்டியில போடுதாரு!

"மாமா!"

"சத்தம் போடாத தாயி. தவக்காலத்துக்குப் பிஸ்கட்ட விட்டுட்டேன். நாம விட்டதைப் பசிச்ச வாய்க்குத்தான குடுக்கணும்? உங்க அத்தைய விட்டா எந்நேரமும் வாயத் திறக்கது இது ஒண்ணுதான்."

"என்னட்டி சத்தம்?"னு வந்து நின்னா சந்தனமேரி.

அண்ணாச்சி முகம் வெளுத்துருச்சு.

"ஒண்ணுமில்ல அத்தை. நான்தான் தீனியக் கூடப் போட்டுட்டேன். மாமாதான் கண்டுபிடிச்சாவ."

மாமியா ஏசுன ஏச்சு அம்புட்டையும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டா.

லட்டைப் பட்டினி போட்டா. வாளியில பிடிச்சு வச்ச தண்ணியா மாத்தி, உப்பும் கரைச்சு விட்டா. ஞாயித்துக்கிழமை விடியும்போது பாத்தா, லட்டு நிமுந்து வாலை ஆட்டிக்கிட்டுத் தொட்டியச் சுத்திச் சுத்தி வருது.

"நான் கண்டுபிடிச்சேன், மீனு பொழச்சுது!"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தாரு அண்ணாச்சி.

ஆனா தவக்காலம் முடிய இன்னும் நாள் கிடக்கே. மாமா கை சும்மா இருக்குமா?

அன்னைக்குச் சாயங்காலம் காப்பியையும் பிஸ்கட்டையும் வச்சா பிளஸ்ஸி. வச்ச கையோட தெருவுக்குப் போயி, பசியில கத்திக்கிட்டுக் கிடந்த நாய்க்குட்டி ஒண்ணைத் தூக்கிட்டு வந்து மாமா மடியில விட்டா.