இருபத்தெட்டு கிலோஹெர்ட்ஸ்

"அம்மாவுக்கு அன்னைக்குச் சளி புடிச்சிருந்துச்சா சார்?" என்று கேட்டாள் கமர்ஜஹான்.

"கட்டையாத்தான் கேக்குது," என்று ஒப்புக்கொண்டார் ராயப்பராஜ்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் இருந்தது அவளுடைய கம்ப்யூட்டர் சென்டர். அவர் கொண்டுவந்த கேசட்டை அப்போதுதான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். ஸ்பீக்கரில் ஒரு குரல் திட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, வெஞ்சனத்துக்குக் கத்திரிக்கா வாங்கிட்டு வாங்கன்னா, பேப்பர வாங்கிட்டு வந்து நிக்கிறீங்களே! இதையா தாளிக்க?"

கமர்ஜஹான் சிரித்துவிட்டாள். "ஹெட்மாஸ்டருக்கே இம்புட்டுத் திட்டா!"

"பள்ளிக்கூடத்துலதாம்மா நான் ஹெட்மாஸ்டர். வீட்டுல கடைசி பெஞ்சு."

அவர் மனைவி புஷ்பமேரி இறந்து ஓராண்டு ஆகப்போகிறது.

"முகத்துக்கு போட்டோ இருக்கு. குரலுக்கு இது ஒண்ணுதான். கொஞ்சங் கொஞ்சமா மறந்துக்கிட்டே வருதும்மா. எப்படியாவது அவ குரலாக்கிக் குடு."

"குரல கம்ப்யூட்டர் செகண்டுக்கு இத்தனை தடவைன்னு அளந்து வச்சுக்கும் சார். இத இருபத்திரண்டு கிலோஹெர்ட்ஸ்ல பதிஞ்சிருக்கேன். அதாவது இருபத்திரண்டாயிரம் தடவை. ஓட்டும்போது அதக் கூட்டுனா குரல் மெலியும், வேகமும் கூடும்."

நாற்பத்துநான்கில் ஓட்டினாள். கீச்சுக் கீச்சென்றது.

"இது அணிலும்மா. அவகிட்டத்தான் திட்டு வாங்குனேன், அணிலுகிட்டயுமா வாங்கணும்?"

முப்பதில் ஓட்டினாள்.

"இன்னுஞ் செத்த இறக்கு."

இருபத்தெட்டு.

ராயப்பராஜ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "இதாம்மா... இவதான்!"

"ரொம்ப வேகமால்ல பேசுறாங்க?"

"அப்படித்தான் பேசுவா. பதில் சொல்ல எனக்கு இடமே கெடைக்காது. கெடைச்சாலும் சொல்லத் தெரியாது."

கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். கமர்ஜஹானுக்கு மனம் உறுத்தியது. பெரியவரை ஏமாற்றுவதுபோல் இருந்தது.

"சிடியில போடுறதுக்கு முன்னாடி சொல்லிர்றேன் சார். பதிஞ்ச அளவுலயே ஓட்டுனாத்தான் பேசுனவங்களோட நெசமான குரல். டேப்புல பேசுறவங்க குரல் அந்தக் கட்டைக் குரல்தான். இது பொய்."

"தெரியும்மா," என்றார் ராயப்பராஜ். "டேப்புல பேசுறது நான்தான். அவளச் சிரிக்க வைக்க, அவ திட்டுற மாதிரியே பேசிப் பதிஞ்சேன்."