நிற்காத வேலை

கீழே என் வீட்டுக்காரரின் வண்டிச் சத்தம் கேட்டது.

லேப்டாப் இன்னும் திறந்தே இருந்தது. அக்காவுக்கு எழுதிய மெயில் அப்போதுதான் போயிருந்தது. அதை அழித்தேன். குப்பைக்குப் போனதையும் தேடி அழித்தேன். பிறகு லேப்டாப்பை அணைக்கும் கட்டளையைத் தட்டினேன்.

இனிமேல்தான் கண்டம்.

இந்தச் சனியன் லேசில் அணையாது. திரை கறுத்துவிடும். ஆனால் ஏதோ ஒரு வேலை இன்னும் நிற்கவில்லை, காத்திரு என்று ஒற்றை வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். முழுசாக ஒன்றரை நிமிடம். அவர் மாடியேறி வர அவ்வளவு நேரம் ஆகாது.

போன வாரம் அப்படித்தான் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். இவ்வளவு நேரம் யாருக்கு எழுதினாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் மணிக்கட்டில் வீக்கம் இன்னும் வற்றவில்லை.

மூடியைச் சாத்திவிட்டுப் போகலாமே என்றால், கூடாது. தினமும் முறையாக அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுப்போகுமாம். இந்த வீட்டில் அது சட்டம். விண்டோஸை எடுத்துவிட்டு அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் அவர்தானே! ஒருநாள் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். அன்றைக்கே, அப்படிச் செய்யாதே என்றார். எப்படித் தெரிந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அதனால் இன்று மதியம் நானே இறங்கிவிட்டேன். இணையத்தில் கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நேற்று அணைந்தபோது உள்ளே என்ன நடந்தது என்று தோண்டிப் பார்த்தேன். நிற்காமல் அடம்பிடித்த வேலைக்கு பேக்கப் என்று பெயர். ப்பூ, இதுதானா! பழைய போட்டோக்களை எங்கோ பத்திரப்படுத்துகிறது போல.

அதை நீக்கினால் கண்டுபிடித்துவிடுவார். காத்திருக்கும் நேரத்தை மட்டும் ஐந்து விநாடியாகக் குறைத்தேன். அதற்குக் கேட்ட பாஸ்வேர்டு பாப்பாவின் பிறந்தநாள், பெற்றவளுக்குத் தெரியாதா? இனி அந்த வேலை அதற்குள் நிற்காவிட்டால் லேப்டாப்பே அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

பக்கத்து அறையில் பாப்பா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய பள்ளிப் பையின் அடியில் இரண்டு கவுன்களை மடித்து வைத்திருந்தேன். அவளுக்கே தெரியாது. நாளைக்கு அவர் வேலைக்குக் கிளம்பியதும் அக்கா கார் அனுப்புகிறாள். எங்கே, எப்போது என்பதெல்லாம் இன்றுதான் முடிவானது. இந்த ஒரு ராத்திரியைத் தாண்டிவிட்டால் போதும்.

திரை கறுத்தது. அந்த வரி வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.

பட்டென்று அணைந்தது.

அப்பாடா!

மூடியைச் சாத்திவிட்டு ஓடிப்போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். வெங்காயம் நறுக்குகிறவளின் கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனைப் பார்த்தபடியே சமையலறை வாசலில் நின்றார். முகத்தில் கோபமே இல்லை.

"இன்னைக்கு லேப்டாப் சீக்கிரமா அணைஞ்சிடுச்சா? அக்காவுக்கு எழுதினதுல பாதிதான் பேக்கப்ல எனக்கு வந்திருக்கு."

கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"நாளைக்கு கார் எத்தனை மணிக்கு வருது?" என்றார், சிரித்துக்கொண்டே.